அந்த ஏரியாவா?

கேள்வி: மகனுக்கு வட சென்னையில் வேலை. வியாசர்பாடியில் வீடு பார்க்கிறோம். "அந்த ஏரியாவா?" என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்களே? (வாசகி, சேலம்)

பதில்: பயமுறுத்தியவர்களில் அங்கே குடியிருந்தவர்கள் எத்தனை பேர்? கேரம் உலக சாம்பியன் இளவழகியைத் தந்த பகுதி அது. கால்பந்தால் 'குட்டி பிரேசில்' என்று பெயர் வாங்கிய பகுதியும்கூட. முகவரியைக் கேட்டதுமே அங்குள்ள பிள்ளைகளைச் சந்தேகமாகப் பார்ப்பது பெரிய அநியாயம்.

அட்வான்ஸ் கொடுக்குமுன் இரவு ஒன்பது மணிக்கு அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். விளக்கு எரிகிறதா, இட்லிக் கடையில் கூட்டம் இருக்கிறதா, வாசலில் பெண்கள் உட்கார்ந்து பேசுகிறார்களா? நியூயார்க் தெருக்களைக் கவனித்த ஜேன் ஜேக்கப்ஸ், தெருவைப் பார்க்கும் கண்களே பாதுகாப்பு என்று 1961-லேயே எழுதிவிட்டார். அவசரத்துக்கு 112 இருக்கிறது. அண்ணா நகரில் வீடு பார்த்தாலும் அதே எண்தான்.