ஒரு வீட்டுக்கு எத்தனை கரம்?

நிதியாண்டு மாறும் மாதங்களில் கேரளத்தின் கொழிஞ்சாம்பாறைப் பக்கமிருந்து வரும் கேள்விகளில் பாதிக்கு மேல் கரச் சீட்டை, அதாவது வரி ரசீதைப் பற்றியவை. இந்த முறை முழுப் பக்கமும் வரிக் கேள்விகளுக்கே.

கேள்வி: வில்லேஜ் ஆபீசுல கரம் கட்டிட்டனுங்க. பஞ்சாயத்துலயும் கேக்கறாங்க. இப்போ தாசில்தார் நோட்டீசும் வந்திருக்கு. ஒரே வீட்டுக்கு மூணு வாட்டி வாங்கறாங்களா?
- புது வீடு கட்டிய வாசகர், எருத்தேம்பதி

மூன்றும் மூன்று வரி. வில்லேஜ் ஆபீசில் கட்டியது நிலத்துக்கு, ஆண்டுதோறும் உண்டு. பஞ்சாயத்து கேட்பது கட்டிடத்துக்கு. அதுவும் ஆண்டுதோறும், இரண்டு அரையாண்டுத் தவணையாக. தாசில்தார் கேட்பது 1975-ஆம் ஆண்டு கேரளக் கட்டிட வரிச் சட்டப்படி, வீடு கட்டி முடித்ததற்காக வாழ்நாளில் ஒரே ஒருமுறை. பஞ்சாயத்துப் பகுதியில் 100 சதுர மீட்டர் வரையுள்ள குடியிருப்புக்கு இந்த ஒருமுறை வரி கிடையாது. அதற்கு மேல் போகப் போகப் படிப்படியாக ஏறும். மொத்தமாகக் கட்ட முடியாதவர்கள் நான்கு தவணையில் கட்டலாம்.

நான்காவது ஒன்றும் இருக்கிறது, ஆடம்பர வரி என்று மக்கள் சொல்வது. 1999 ஏப்ரல் முதல் கட்டி முடித்து, 278.7 சதுர மீட்டரை, அதாவது 3,000 சதுர அடியை எட்டிய அல்லது தாண்டிய வீடுகளுக்கு ஆண்டுதோறும் வரும். வரைபடம் போடும்போதே இன்ஜினியரிடம் இந்த எல்லையைச் சொல்லிவிடுங்கள். மாடியில் ஒரு அறையைச் சேர்த்ததற்காக ஆண்டாண்டாக வரி கட்டுகிறவர்கள் உண்டு.

கேள்வி: அளக்க வந்தவங்க விறகுக் கொட்டகை, கார் ஷெட்டு எல்லாத்தையும் சேர்த்து அளந்துட்டாங்க. சரிதானா?
- வாசகி, வடகரப்பதி

தாசில்தாரின் ஒருமுறை வரிக்கு அது சரியில்லை அம்மா. வீட்டைச் சார்ந்த கார் ஷெட்டு, விறகு வைக்கும் கொட்டகை, குடியிருப்பதற்கு அல்லாத வேறு காரியத்துக்கான கட்டுமானம், இவற்றின் பரப்பை வீட்டுப் பரப்போடு கூட்டக்கூடாது என்று சட்டமே சொல்கிறது. மாட்டுக் கொட்டகை இருந்தால் அதையும் இந்தக் கணக்கில் எடுத்துச் சொல்லுங்கள். வரி ஆணை வந்துவிட்டது என்றால் 30 நாளுக்குள் ஆர்.டி.ஓ.விடம் மேல்முறையீடு செய்யலாம். வீட்டு வரைபடத்தில் கொட்டகையைத் தனியாகக் குறித்து இணையுங்கள்.

கேள்வி: நிலக் கரம் ஏறிப்போச்சுன்னு எல்லாரும் பேசறாங்க. எவ்வளவு?
- வாசகர், ஒழலப்பதி

2025-26 மாநில பட்ஜெட்டில் 50 சதவீதம் கூட்டினார்கள். பஞ்சாயத்தில் 8.1 ஆர், நம் கணக்கில் 20 சென்ட் வரை, ஆர் ஒன்றுக்கு 5 ரூபாயாக இருந்தது 7 ரூபாய் 50 காசு ஆனது. இருபது சென்ட்காரருக்கு ஆண்டுக்கு 60 ரூபாய் 75 காசு. தொகையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டாம். கட்டாமல் விடுவதற்குத்தான் கவலைப்பட வேண்டும். வங்கிக் கடன், கைவசச் சான்றிதழ், விற்பனை என்று எதற்குப் போனாலும் முதலில் கேட்பது நடப்பு ஆண்டு கரச் சீட்டைத்தான்.

கேள்வி: எங்களுது பழைய ஓட்டு வீடு. பக்கத்துல கிரானைட் போட்ட பங்களா. அளவை மட்டும் பார்த்து வரி போட்டா அது நியாயங்களா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், கொழிஞ்சாம்பாறை

இந்தக் கேள்விக்காகவே நம் பாலக்காட்டுக்காரர் ஒருவர் உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறார்.

ஐம்பதுகளில் கொண்டுவந்த திருவிதாங்கூர்-கொச்சி நில வரிச் சட்டம், மலபார் கேரளத்தோடு சேர்ந்த பிறகு அந்தப் பக்கத்துக்கும் நீண்டது. வயலோ, தோப்போ, ஒன்றும் விளையாத காடோ, ஏக்கருக்கு 2 ரூபாய். பாலக்காடு தாலுகாவில் பெரிய காட்டுக்கு உடைமைக்காரராக இருந்த கே.டி. மூப்பில் நாயர் வழக்குப் போட்டார். அந்தக் காட்டிலிருந்து அவருக்கு ஆண்டு வருமானம் சில ஆயிரம் ரூபாய். கேட்ட வரியோ ஐம்பதாயிரம் ரூபாயை எட்டியது. சமமில்லாதவர்களிடம் ஒரே அளவாக வாங்குவது சமத்துவம் ஆகாது என்ற வாதம் வென்றது. 1960 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. இன்று நாம் நிலக் கரம் கட்டும் கேரள நில வரிச் சட்டம் அதற்கடுத்து 1961-இல் வந்தது.

கட்டிடத்துக்கும் இதே கதை நடந்தது. கட்டிடம் எங்கே இருக்கிறது, எதனால் கட்டியது, எதற்குப் பயன்படுகிறது என்று பாராமல் தளப் பரப்பை மட்டும் வைத்து வரி போட்ட 1961-ஆம் ஆண்டுக் கேரளக் கட்டிட வரிச் சட்டத்தை 1968-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. 1975-இல் வேறு சட்டம் எழுதினார்கள். இப்போது மீண்டும் பரப்புதான் அடிப்படை என்றாலும், பஞ்சாயத்தா நகராட்சியா, குடியிருப்பா கடையா என்று பிரித்துத்தான் விகிதம் வைத்திருக்கிறார்கள். பஞ்சாயத்து போடும் வரியிலும் பரப்போடு கட்டிடத்தின் பயன், அது இருக்கும் மண்டலம், வழி வசதி முதலியவை கணக்கில் வரும். ஆகவே ஐயா, உங்கள் கேள்விக்கு இரண்டு தீர்ப்புகளின் பலம் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கு எதை எதைப் பார்த்து எவ்வளவு போட்டார்கள் என்ற கணக்கை எழுத்தில் கேளுங்கள். ஓட்டு வீட்டைக் கான்கிரீட் என்றோ, ஊடுவழியை மெயின் ரோடு என்றோ பதிந்திருந்தால் அங்கேயே தெரிந்துவிடும்.

கேள்வி: சின்ன வீட்டுக்குப் பஞ்சாயத்து வரியே இல்லைன்னு சொல்றாங்களே?
- கூலித் தொழிலாளி, மேனோன்பாறை

உண்மைதான். 2023 ஏப்ரல் முதல், 60 சதுர மீட்டர் வரையுள்ள வீட்டில் உரிமையாளரே குடியிருந்தால் சொத்து வரி விலக்கு உண்டு. ஏறக்குறைய 645 சதுர அடி. ஒருவருக்கு ஒரு வீட்டுக்குத்தான். தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம். பஞ்சாயத்தில் மனுவும் உறுதிமொழியும் கொடுக்க வேண்டும். மற்றவர்களுக்கும் ஒரு செய்தி: அதே 2023 முதல் சொத்து வரி ஆண்டுக்கு 5 சதவீதம் கூடி வருகிறது.

கேள்வி: கரச் சீட்டு என் பேர்ல இருக்கு. அப்போ இடம் எனக்குத்தானே?
- வாசகர், வேலந்தாவளம்

இல்லை. கரம் கட்டியதற்கு அது ரசீது. உரிமைக்குப் பத்திரம் வேண்டும். போக்குவரவு, அதாவது கரப் பதிவில் பெயர் மாற்றம், ஆனதாலேயே உரிமை வந்துவிடாது, ஆகாததாலேயே போய்விடாது என்பது உச்ச நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொன்ன விதி.

கேள்வி: வீட்டுக்காரர் தவறி ரெண்டு வருசமாச்சு. கரம் இன்னும் அவர் பேர்லயே கட்டிட்டு இருக்கறேன். மாத்தணுங்களா?
- வாசகி, கொழிஞ்சாம்பாறை

கட்டாயம் மாற்றுங்கள் அம்மா, இந்த ஆண்டே. மேலே சொன்னது போலக் கரச் சீட்டு உரிமையைத் தராது. ஆனால் பிள்ளைகள் வளர்ந்து ஆளுக்கொரு ஊருக்குப் போன பிறகு இந்த வேலை பல மடங்கு கடினமாகிவிடும். இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் வைத்து வில்லேஜ் ஆபீசில் போக்குவரவுக்கு விண்ணப்பம் கொடுங்கள். அதோடு வேலை முடிந்தது என்று திரும்பிவிடாதீர்கள். நிலம் மாறும், வீடு மாறாது. பஞ்சாயத்துப் பதிவேட்டில் கட்டிடத்தின் பெயர் மாற்றத்துக்குத் தனி விண்ணப்பம் உண்டு. வாரிசுகள் அத்தனை பேர் பெயரும் வரும். உங்கள் பெயர் முதலில் இருக்கிறதா என்று பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். மகன் பெயருக்கு மட்டும் மாற்றினால் சுலபம் என்று யாராவது சொன்னால், அதற்காக உங்கள் பங்கை விட்டுக்கொடுத்து எழுதும் முன் ஒரு வக்கீலைப் பாருங்கள். வீடு உங்கள் தலைக்கு மேல் இருக்கும் வரை உங்கள் பெயரும் அதில் இருக்க வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

கேள்வி: வீட்டுக் கடன் வாங்கினா வருமான வரி மிச்சம்னு ஏஜெண்ட் சொல்றார். வாங்கலாமா?
- பள்ளி ஆசிரியை, எருத்தேம்பதி

வீடு வேண்டுமென்றால் வாங்குங்கள், வரிக்காக வாங்காதீர்கள். குடியிருக்கும் வீட்டுக் கடன் வட்டியில் ஆண்டுக்கு 2 லட்சம் வரை கழிப்பது பழைய வரி முறையில் மட்டும்தான். புதிய முறையில் அது கிடையாது. ஆனால் புதிய முறையில் 2025-26 முதல் 12 லட்சம் வரை வருமானமுள்ளவருக்கு வரியே இல்லை. சம்பளக்காரருக்கு நிலைக் கழிவைச் சேர்த்தால் 12 லட்சத்து 75 ஆயிரம். உங்கள் சம்பளம் அதற்குள் என்றால் கடனால் மிச்சமாக வரி எங்கே இருக்கிறது? ஏஜெண்டிடம் இந்த ஒரு கேள்வியைக் கேளுங்கள். அதற்கு மேல் சம்பளம் என்றால் இரண்டு முறையிலும் கணக்குப் போட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பழைய முறையில் இருக்கும் கணவனும் மனைவியும் வீட்டுக்கும் கடனுக்கும் கூட்டு உரிமையாளர்களாக இருந்தால் ஆளுக்கு 2 லட்சம்.

2026 ஏப்ரல் முதல் 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் இடத்துக்கு 2025-ஆம் ஆண்டுச் சட்டம் வந்துவிட்டது. பிரிவு எண்கள் மாறியிருக்கும். பழைய எண்ணைச் சொல்லி யாராவது குழப்பினால் கலங்காதீர்கள்.

கேள்வி: மேல் வீட்டை எட்டாயிரத்துக்கு வாடகைக்கு விட்டிருக்கறேன். முழுசையும் வருமானமாக் காட்டணுமா?
- வாசகர், கோபாலபுரம்

வேண்டாம். ஆண்டு வாடகை 96,000. அந்த வீட்டுக்காக நீங்கள் அந்த ஆண்டு உண்மையில் கட்டிய பஞ்சாயத்து வரி 1,500 என்று வைத்துக்கொள்வோம், மீதி 94,500. இதில் 30 சதவீதம், 28,350 ரூபாயைப் பராமரிப்புக்காகக் கழிக்கலாம். வெள்ளையடித்த பில் கேட்க மாட்டார்கள். வருமானமாகக் காட்ட வேண்டியது 66,150. கடன் வட்டி இருந்தால் அதையும் கழிக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: பஞ்சாயத்து வரியை வாடகைக்காரர் கட்டினால் உங்களுக்குக் கழிவு இல்லை.

கேள்வி: தோப்புல தென்னைய கள்ளுக்கு விட்டிருக்கறோம். வரி உண்டா?
- விவசாயி, வடகரப்பதி

சித்தூர் தாலுகாவில் இதைக் கேட்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். மரம் வைத்து வளர்க்கும் உங்களுக்கு அது விவசாய வருமானம். மத்திய வருமான வரியில் விலக்கு. மரங்களை மட்டும் எடுத்துக் கள்ளிறக்கி விற்பவருக்கு அது வியாபாரம். ஆனால் வேறு வருமானம் அடிப்படை விலக்கைத் தாண்டி, விவசாய வருமானமும் 5,000 ரூபாய்க்கு மேல் இருந்தால், வரி விகிதம் கணக்கிட இரண்டையும் சேர்ப்பார்கள். ஆகவே விவரத்தை ரிட்டர்னில் மறைக்காதீர்கள்.

கேள்வி: வீடு பொள்ளாச்சியில, தோப்பு இங்கே. யாருக்கு எது?
- வாசகர், மீனாட்சிபுரம்

வருமான வரி இந்தியா முழுவதற்கும் ஒன்று. எல்லை அதற்குத் தெரியாது. சொத்து வரி மண்ணோடு போகும்: பொள்ளாச்சி வீட்டுக்கு அங்குள்ள நகராட்சி, தோப்புக்கு இங்குள்ள வில்லேஜ் ஆபீஸ். இரண்டு வீடு இருந்து இரண்டிலும் நீங்களே புழங்கினால் இரண்டுக்கும் வருமானம் பூஜ்யம் என்று காட்டலாம்.

கேள்வி: நான் துபாயில். ஊர் வீட்டை வாடகைக்கு விட்டிருக்கிறேன். 12 லட்சம் வரை எனக்கும் வரி இல்லைதானே?
- வாசகர், கொழிஞ்சாம்பாறை

தம்பி, அந்தச் சலுகை இங்கே வசிப்பவர்களுக்கு மட்டும். உங்களுக்குப் புதிய முறையில் 4 லட்சம்தான் எல்லை. வாடகையிலேயே வரி பிடித்துச் செலுத்த வேண்டிய கடமையும் வாடகைக்காரருக்கு உண்டு. அதிகமாகப் பிடித்திருந்தால் ரிட்டர்ன் போட்டுத் திரும்பப் பெறுங்கள்.

கேள்வி: நோட்டீசு எல்லாம் மலையாளத்துல வருது. பேசறது புரியும், படிக்கத் தெரியாது. தமிழ்ல கேட்க முடியுமா?
- வாசகி, ஒழலப்பதி

முடியும். உங்களுக்கு யாரும் செய்யும் தயவு அல்ல அது. கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் தங்கள் பகுதியில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம், பதிலும் தமிழிலேயே தர வேண்டும் என்கிறது. திருவனந்தபுரம் தலைமைச் செயலகத்துக்கும் இது பொருந்தும். படிக்கத் தெரியாத ஆணையில் கையெழுத்து வாங்கி, 30 நாள் கடந்த பிறகு அதன் பொருள் தெரிந்து வந்தவர்கள் நம் பகுதியில் எத்தனையோ பேர். நோட்டீசு கிடைத்த அன்றே அதன் எண்ணும் தேதியும் குறிப்பிட்டு, விவரத்தைத் தமிழில் தரும்படி ஒரு பக்க மனு எழுதுங்கள். மேல்முறையீட்டுக் கெடு மனுவுக்காகக் காத்திருக்காது என்பதால், தெரிந்தவரிடம் நோட்டீசைப் படிக்கச் சொல்லிக் கேட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மனுவை இரண்டு பிரதி எடுத்துப் போய், ஒன்றில் தேதியோடு ஆபீஸ் முத்திரை வாங்கிக் கரச் சீட்டுகளோடு சேர்த்து வையுங்கள்.