சிக்கனத்துக்கு ஆகும் செலவு

எங்கள் வீட்டுக்காரர் வங்கியிலிருந்து ஓய்வு பெற்றதும் முதல் வேலையாக வீட்டுக் கணக்கைத் தணிக்கைக்கு எடுத்துக்கொண்டார். மளிகைச் சீட்டில் தரை துடைக்கும் லோஷன், பாத்ரூம் ஆசிட், கரப்பான் ஸ்பிரே, எறும்புச் சாக்பீஸ் என்று ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புக் கோடு விழுந்தது. "இதுக்கெல்லாம் மருந்து நம்ம அடுக்களையிலேயே இருக்கு" என்றார். அந்த அடுக்களைக்குள் அவர் அதற்கு முன் வந்ததே காபி கேட்கத்தான்.

முதலில் சாத்துக்குடித் தோல். ஒரு பங்கு வெல்லம், மூன்று பங்கு தோல், பத்துப் பங்கு தண்ணீர். பாட்டிலில் போட்டு மூன்று மாதம் ஊறினால் தரை துடைக்கும் கரைசல் தயார். தோல் இலவசம், தெருமுனை ஜூஸ் கடையில் குப்பைக்குத்தான் போகிறது. ஆனால் மேலாளராக இருந்த மனிதருக்குச் சும்மா போய்த் தோல் கேட்கக் கூச்சம். அதனால் ஒவ்வொரு தடவையும் ஒரு ஜூஸ் குடித்துவிட்டுத்தான் கேட்பார். அந்தச் செலவு தணிக்கையில் வரவில்லை. 'உடல்நலம்' என்று தனித் தலைப்பு போட்டு எழுதிக்கொண்டார்.

கரைசல் புளிக்கும்போது வாயு கிளம்பும். முதல் மாதம் தினமும் மூடியைத் திறந்து மூட வேண்டும். கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பி வந்து பார்த்தால், பாட்டில் யாருக்கும் காத்திராமல் தானே திறந்துகொண்டிருந்தது. மேல் அலமாரியிலிருந்து தரைவரை வெல்லத் தண்ணீர். தில்லைநகர் எறும்புகள் மொத்தமும் எங்கள் வீட்டில்தான் இருந்தன.

மஞ்சள்தூளால் கோடு போட்டார். எறும்புகள் சுற்றிக்கொண்டு போயின. மிளகாய்த்தூளால் போட்டார், நாங்கள் தும்மினோம். என் மாமியார் வாசலில் கோலம் போட்டுவிட்டு உள்ளே வந்தார். "ஏண்டா, வெளியில நான் அரிசிமாவு போட்டு வா வாங்கறேன், உள்ளே நீ மிளகாய்ப்பொடி போட்டுப் போ போங்கறே. அது யார் பேச்சைத்தான் கேட்கும்?" என்றார்.

கடைசியில் வேலைக்கு வரும் அக்கா, பாத்திரம் தேய்த்த சோப்புத் தண்ணீரில் துணியை நனைத்து அந்த வரிசையை ஒரே இழுப்பாகத் துடைத்தார். முன்னே போகும் எறும்பு தரையில் விட்டுப்போகும் வாசனையைப் பிடித்துத்தான் பின்னே வருவது நடக்கும். வாசனை போனால் வழியும் போயிற்று. செலவு, கீழே கொட்டவிருந்த தண்ணீர்.

கரப்பான் விஷயத்தில் மட்டும் என்னவரைக் குறை சொல்ல முடியாது. மருந்துக் கடையில் போரிக் பவுடர் வாங்கி வந்தார்; கேரம் போர்டில் தூவுவோமே, அதேதான். கோதுமை மாவு, சர்க்கரை, சொட்டுப் பாலோடு பிசைந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ஒரே அளவில் உருட்டித் தட்டில் அடுக்கினார். மாமியார் எட்டிப் பார்த்து, "கோகுலாஷ்டமிக்கு இன்னும் நாள் இருக்கே, அதுக்குள்ள சீடையா?" என்று ஒன்றை எடுக்கப் போனார். நல்லவேளை, நான் பக்கத்தில் இருந்தேன். உருண்டைகளைப் பாட்டில் மூடிகளில் வைத்து, சிங்க் அடியிலும் சிலிண்டருக்குப் பின்னாலும் ஒளித்தோம். இது உடனே கொல்லாது. தின்றதோடு, காலில் ஒட்டிய தூளையும் நக்கித்தான் கரப்பான் சாகும். சில நாள் பொறுக்க வேண்டும். பொறுத்தோம், கரப்பான் குறைந்தது. குழந்தைகளோ நாய் பூனையோ உள்ள வீட்டில் வைக்கும் இடத்தை யோசித்து வையுங்கள்.

சமையல் சோடாவும் வினிகரும் சேர்த்துச் சாக்கடைக் குழாயில் ஊற்றும் வித்தையும் நடந்தது. நுரை பிரமாதம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று தின்று தீர்த்த பிறகு மிஞ்சுவது கொஞ்சம் உப்புத் தண்ணீர்தான். பல்லியை விரட்ட எதிர்வீட்டில் முட்டை ஓடு வாங்கி வந்து மாட்டினார். பல்லி அதன்மேலேயே ஏறி உட்கார்ந்தது. அது போகாததில் எனக்கு வருத்தமில்லை. எங்கள் வீட்டில் கூலி வாங்காமல் கொசு பிடிக்கும் ஒரே ஆள் அதுதான்.

நான் குரலை உயர்த்தியது ஒரு நாள்தான். மீந்துபோன பாத்ரூம் ஆசிட்டில் பிளீச்சிங் பவுடரைக் கலந்தால் 'டபுள் பவர்' என்று வாளியோடு கிளம்பினார். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு. 1915-ல் பெல்ஜியத்தின் ஈப்ர் போர்க்களத்தில் ஜெர்மன் படை எதிரிகள்மேல் திறந்துவிட்டது அதைத்தான். எங்கள் பாத்ரூமில் அவ்வளவு பெரிய எதிரி யாரும் இல்லை.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த மாமியார் ஒரு செய்முறையும் சொன்னதில்லை. அவர் காலத்தில் விறகடுப்புச் சாம்பல் எப்படியும் மிஞ்சும், தேங்காய் உரித்தால் நார் மிஞ்சும், பாத்திரம் பளபளத்தது. ரசத்துக்குக் கரைத்த புளியின் சக்கையில்தான் குத்துவிளக்கு தேய்ப்பார், இன்றும். தனியாக எதுவும் வாங்கியதில்லை. அதனால்தான் அது சிக்கனம். நாமோ சிக்கனம் பண்ணுவதற்கென்று சாமான் வாங்கக் கிளம்புகிறோம். போன மாதம் இணையக் கடையிலிருந்து அழகான பாக்கெட்டில் பாத்திரம் தேய்க்கும் சாம்பல் வந்து இறங்கியது. மாமியார் விலையைக் கேட்டார், பிள்ளையைப் பார்த்தார். "சாம்பலுக்குக் காசா?" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை.

சாத்துக்குடிக் கரைசலின் அடுத்த தொகுதி இப்போது தயார். தரை துடைக்க நன்றாகவே இருக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனால் இருக்கிற பாட்டில்களுக்கு எங்கள் வீட்டுத் தரை போதாது. வேண்டியவர்கள் காலிப் பாட்டிலோடு வாருங்கள், காசு வேண்டாம். மூடியை மட்டும் இறுக்கி மூடிக்கொண்டு பஸ்ஸில் ஏறாதீர்கள்.