சிரஸ்தார் இலக்கணம்

கோர்ட்டில் இருப்பவர்களை ஜட்ஜ், மற்றவர்கள் என்று இரண்டாகப் பிரிப்பது பாமரப் பகுப்பு. கடலூர் மாவட்ட நீதிமன்றத்திலும் சிதம்பரம் சார்பு நீதிமன்றத்திலும் வராந்தாவில் நின்றே தேர்ந்த புலவர்கள், அதாவது வக்கீல் குமாஸ்தாக்கள், இதை ஒப்புவதில்லை. வழக்குக் கட்டைக் குறை சொல்லித் திருப்புவோர், கட்டிலிருந்து நகல் கொடுப்போர் என்றே அவர்கள் வகுப்பர்.

திருப்புவோரில் தலையாயவர் சிரஸ்தார், அதாவது பிராதைச் சரிபார்க்கும் தலைமை எழுத்தர். பிராதை வாதியின் துயரமாகப் பார்க்காமல் தாளாகப் பார்ப்பது இவர் இயல்பு. எடுத்துக்காட்டு, பாகப்பிரிவினைத் தாவா. அண்ணன் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டதாக ஐந்தாம் பத்தியில் உருக்கமாக எழுதியிருக்கும். மதிப்பீட்டுப் பத்திக்கு வந்தால், சொத்து இன்னும் கூட்டு அனுபவத்தில் இருக்கிறதாம்! காரணம் எளிது. 1955ஆம் வருடத்து கோர்ட் கட்டணச் சட்டத்தில் கூட்டு அனுபவத்தில் இருப்பவருக்கு 37(2), சொற்பக் கட்டணம். வெளியே தள்ளப்பட்டவருக்கு 37(1), பங்கின் சந்தை மதிப்புக்கேற்பக் கட்டணம். கண்ணீர் ஒரு பிரிவில், கட்டணம் இன்னொரு பிரிவில். சிரஸ்தாரின் பேனா இரண்டுக்கும் நடுவில் இறங்கும்.

இவருள் கிளை மூன்று. தடவைக்கு ஒரு குறை சொல்பவர் சில்லறைத் திருப்பி. எல்லாக் குறையையும் ஒரே மூச்சில் எழுதுபவர் மொத்தத் திருப்பி; அரிய இனம், குமாஸ்தாக்கள் கும்பிடுவர். மூன்றாமவர் வேதாந்தத் திருப்பி. ‘இவ்வழக்கு எங்ஙனம் நிலைக்கத்தக்கது?’ என்று ஒரே வரி எழுதி அனுப்புவார். குறை என்னவென்று சொல்ல மாட்டார். அதை நாமே உள்ளே தேடிக்கொள்ள வேண்டும்.

ஜூனியர்கள் இவர்களைத் திட்டுவார்கள். நான் சிரஸ்தார் கட்சி. மேஜையில் தப்பிய பிராது, பிரதிவாதி வக்கீலிடம் சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 7 விதி 11இல், அதாவது பிராதை நிராகரிக்கக் கேட்கும் மனுவில், மாட்டும். அதற்குள் எத்தனை வாய்தா போயிருக்குமோ!

நிலத்துக்கேற்பத் தாவாவும் திரியும். வீராணம் பாயும் சிதம்பரம் மருதம். வரப்பிலும் வாய்க்காலிலும் வழக்கு பிறக்கும். தோற்றவர் அப்பீலென்று நெய்தலாகிய கடலூருக்கு பஸ் ஏறுவார். அதற்குமுன் நகல் பிரிவைக் கடக்க வேண்டும்.

மாவட்ட நீதிமன்ற அப்பீலுக்குக் கெடு 30 நாள். நகல் பெற ஆகும் நாட்களை 1963 காலவரையறைச் சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துவிடும். எனவே நகலில் தீர்ப்பைவிட முக்கியம் அதன் மேல் விழும் முத்திரை: மனுச் செய்த நாள், கட்டணம் கேட்ட நாள், கட்டிய நாள், தயாரான நாள், கொடுத்த நாள். தயாரான பிறகும் வாங்காமல் ஆருத்ரா தரிசனத் தேர் பார்த்துக்கொண்டிருந்த நாட்கள் கட்சிக்காரர் தலையில். நடராஜரே சாட்சி சொன்னாலும் கழியாது.

ஜப்திக்குப் போகும் அமீனா தெருவில் திரிபவர், புறத்திணை, இங்கே விடுக.

எதிலும் அடங்காதவர் டவாலி. வாசலில் பேரை மூன்று முறை கூப்பிடுவார். அந்நேரம் பிரதிவாதி டீக்கடையில் இருப்பது மரபு. எக்ஸ்பார்ட்டி டிக்ரி ஆகும். பிறகு அதை ரத்து செய்யக் கட்டளை 9 விதி 13இல் மனு. பிரமாணப் பத்திரத்தில் காரணம் மஞ்சள் காமாலை என்றிருக்கும். இம்மாவட்டத்தில் டீக்கடையில் பரவும் நோய் அது ஒன்றே போலும். மனுவும் திரும்பும்: ‘மருத்துவச் சான்று எங்கே?’