நெடுந்தீவுக் கல்வேலிகளில் நிலக்காட்சி ஓவியம்: ஓர் ஆரம்பநிலை ஆய்வு

1. ஆய்வின் தேவை

யாழ்ப்பாணத்துத் தீவுகளில் ஒன்றான நெடுந்தீவின் குதிரைகளைப் பற்றி எழுதியாயிற்று. பெருக்குமரத்தைப் பற்றி எழுதியாயிற்று. ஒல்லாந்தர் கோட்டையையும் புறாக்கூட்டையும் படம் பிடிக்காத ஆள் இல்லை. அவற்றுக்குப் போகும் வழி நெடுகிலும் நிற்கிற கல்வேலியில், கல்லுக்குக் கல் ஒரு நிலக்காட்சி தீட்டப்பட்டிருப்பதை மட்டும் கல்வியுலகம் காணத் தவறிவிட்டது. அந்தக் குறையை நீக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். அப்படியொரு குறை இருப்பதாக இதுவரை எவரும் முறையிடவில்லை என்பது, இவ்வாய்வு எவ்வளவு அவசரமானது என்பதற்கே சான்று.

நெடுந்தீவில் வளவைப் பிரிப்பது முருகைக்கல். சாந்து இல்லை, சீமெந்து இல்லை. கல்லின்மேல் கல்லாக அடுக்கி, இடுக்குகளில் சிறுகல் சொருகி நிறுத்திய வேலி. ஐரோப்பாவில் ஓர் ஓவியக் கூடத்துக்குள் நுழையச் சீட்டு வாங்க வேண்டும். இங்கே கூடம் தெருவோரத்தில் திறந்து கிடக்கிறது. ஆட்டுக்குக் கூட அனுமதி இலவசம்.

2. முன்னாய்வுகளும் அவற்றின் குறைபாடும்

கல்லில் காட்சி கண்டு அதற்குக் காசும் கொடுத்தவர்களில் இத்தாலியரை மிஞ்ச ஆளில்லை. புளோரன்ஸ் நகரத்தை அண்டிய மலைகளில் 'பயெசினா' என்றொரு சுண்ணாம்புக்கல் கிடைக்கிறது. அறுத்து மெருகிட்டால், இடிந்த கோபுரமும் சரிந்த மதிலுமாக ஒரு நகரம் தெரியும். இரும்பும் மங்கனீசும் கரைந்த நீர், கல்லின் நுண்ணிய வெடிப்புகளில் இறங்கி, துண்டுக்குத் துண்டு வெவ்வேறு அளவில் கறை ஏற்றியதால் எழும்பிய நகரம் அது. மெடிச்சி பிரபுக்கள் இவ்வகைக் கற்களில் பித்தானார்கள். 1588இல் பெர்டினாண்டோ டி மெடிச்சி கல்வேலைக்கென்றே ஒரு பட்டறையை நிறுவினார். ஓவியர் சிலர் இந்தக் கற்களின் மேலேயே குட்டிக் குட்டியாக மனிதரை வரைந்து, கல் விட்ட இடத்தைத் தாங்கள் நிரப்பினார்கள்.

சீனாவின் யுன்னான் மாகாணத்து டாலிப் பளிங்கில் பனிமூட்டத்துக்குள் மலை தெரியும். அதைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார்கள். நாற்காலியின் முதுகிலும் பதித்தார்கள். சொங் காலத்து ஓவியர் மி ஃபூ ஒரு கல்லைக் கும்பிட்டு 'அண்ணா' என்று விளித்ததாகக் கதை உண்டு. பிரெஞ்சு எழுத்தாளர் ரொஜே கய்வா 1970இல் கற்களின் எழுத்தைப் பற்றித் தனி நூலே வெளியிட்டார்.

இவர்களில் ஒருவரும் நெடுந்தீவுக்குப் போகக் குறிகாட்டுவானில் படகேறவில்லை. அவர்களது ஆய்வுகளின் தலையாய குறைபாடு அதுவே.

3. கருதுகோள்

1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர், தீவுகளுக்குத் தங்கள் ஊர்ப் பெயர்களைச் சூட்டினார்கள். ஊர்காவற்றுறை இருக்கும் தீவு லைடன் ஆயிற்று. காரைதீவு ஆம்ஸ்டர்டாம், நயினாதீவு ஹார்லெம், நெடுந்தீவு டெல்ஃப்ட். வீட்டு நினைப்பில் வைத்த பெயர்கள் என்று சொல்லி வரலாற்றாசிரியர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவார்கள். இவ்வாய்வாளர் போக மறுக்கிறார்.

லைடனில் 1596இல் பிறந்தவர் நிலக்காட்சி ஓவியர் யான் வான் கோயன். ஹார்லெமில் பிறந்தவர் யாக்கோப் வான் ரைஸ்டால். அவரும் நிலக்காட்சி ஓவியர். டெல்ஃப்டில் 1632இல் பிறந்து, 1675இல் அங்கேயே இறந்தவர் வெர்மேர். அவர் தன் ஊரை வரைந்த 'டெல்ஃப்ட் காட்சி' ஏறத்தாழ 1660க்கும் 1661க்கும் இடைப்பட்டது. அதாவது யாழ்ப்பாணம் கைமாறி இரண்டு மூன்று வருடத்துக்குள். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியின் ஆறு வணிக சபைகளில் ஒன்று டெல்ஃப்ட் நகரிலேயே இருந்தது. கப்பல் போய் வந்திருக்கிறது, ஆள் போய் வந்திருக்கிறான். ஒரு கல் போயிருக்காதா?

கற்கள்தான் ஓவியரைப் பார்த்துப் பழகியிருக்கக் கூடாதா என்று சிலர் கேட்கலாம். குடாநாட்டின் அடியில் கிடக்கும் சுண்ணாம்புக்கல் மயோசீன் காலத்தது. இளமையாக மதித்தாலும் 50 இலட்சம் வயது. ஓவியருக்கு அவ்வளவு வயதில்லை. எஞ்சியிருக்கும் ஒரே முடிவை, நாகரிகம் கருதி, வாசகரிடமே விடுகிறோம்.

ஒல்லாந்தரின் பார்வைத்திறனை ஐயுறுவோருக்கு மேலும் ஓர் ஆதாரம். இலங்கையின் வரைபடத்தைப் பார்த்து அதில் ஒரு பன்றித்தொடையைக் கண்டவர்கள் இவர்கள். ஊர்காவற்றுறைக்கும் காரைதீவுக்கும் நடுவே கடலுக்குள் நிற்கும் கோட்டைக்கு, அந்தத் தொடையின் குதிக்கால் என்ற கருத்தில் 'ஹம்மன்ஹீல்' என்று பெயரிட்டார்கள். ஒரு நாட்டையே இறைச்சியாகக் கண்ட கண்ணுக்குக் கல்லில் ஒரு காட்சி தெரியாமலா போகும்?

4. களஆய்வு முறை

காய்ந்த முருகைக்கல் எதையும் காட்டாது. வெயில் பட்ட புறம் சாம்பலாகவும், பாசி ஏறிக் கறுத்தும் இருக்கும். கல்லை மெல்ல உருவி, உட்புறத்தைத் தண்ணீர் தொட்டுத் துடைக்க வேண்டும்.

மாதிரிக்கு ஒரு கல். உள்ளங்கையிலும் சற்றுப் பெரியது. நனைத்ததும் மங்கல் நீங்கி நிறம் இருண்டது. நடுவே துருக்கறை ஒரு பட்டையாக எழும்பியது. பட்டைக்கு மேலே வெளிறிய வானம். கீழே, முருகைப் பூச்சிகள் ஒருகாலத்தில் குடியிருந்த குழிகள், ஒவ்வொன்றும் சிறு நட்சத்திரமாக, கரைமணல்போல் நெருங்கிக் கிடந்தன. இடது ஓரத்தில் ஒரு கறுப்புக் கீற்று; அதன் உச்சியில் விசிறி. அது வடலி என்பதில் இவ்வாய்வாளருக்கு ஐயமில்லை. கல் காய்ந்தபோது முதலில் வடலி போனது, பிறகு வானம் போனது, கடைசியில் கல் மட்டும் இருந்தது. மறுபடி நனைக்க நேர்ந்தது.

இங்கே ஒரு நடைமுறைச் சிக்கல். நெடுந்தீவில் நல்ல தண்ணீர் அருமை. அவ்வழியே குடத்தோடு வந்த பெரியம்மா ஒருவர் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "தம்பி, குடிக்கிற தண்ணிக்கே நாங்கள் அலையிறம், நீர் கல்லுக்கு முழுக்காட்டுறீரோ?" என்று கேட்டார். இக்கேள்வி ஆய்வின் எல்லைக்கு வெளியே இருப்பதால் இங்கு ஆராயப்படவில்லை.

5. வகைப்பாடு

அ. ஒற்றைக்கோட்டுக் கல். நெடுந்தீவில் மலை இல்லை, ஆறு இல்லை, எங்கும் சமதரை. எனவே குறுக்கே ஒரு கோடுள்ள எந்தக் கல்லும் நெடுந்தீவின் உருவப்படம். கல்லைத் தலைகீழாகப் பிடித்தாலும் நெடுந்தீவே. ரைஸ்டாலின் ஹார்லெம் காட்சிகளிலும் தரை தாழக் கிடக்க வானமே பெரும்பங்கைப் பிடித்திருப்பதை ஒப்பிடுக.

ஆ. கோடும் குத்தும். ஒரு கோடும் அதன்மேல் ஒரு குத்தும் இருந்தால் பனையோடு கூடிய நெடுந்தீவு. குத்து தடித்திருந்தால் பெருக்குமரம்.

இ. நெளிவரிக் கல். மூளைப்பவளத்தின் வரிகள் கொண்டது. மேலிருந்து பார்த்த வயல் வரப்புப் போலிருக்கும். இத்தீவில் அவ்வளவு வயல் இல்லாததால், இது வன்னியை நினைத்து ஏங்கிய கல் என்று கொள்ள வேண்டும்.

ஈ. குதிரைக் கல். ஒல்லாந்தர் காலத்துக் குதிரைகளின் வழிவந்தவை எனப்படும் மட்டக் குதிரைகள் இன்றும் இங்கே மேய்கின்றன. அவற்றைக் காணாமல் பின்னேரப் படகுக்குத் திரும்புகிறவர்களுக்கு மட்டும் இவ்வகைக் கல் தட்டுப்படுகிறது.

உ. ஒன்றுமில்லாக் கல். பெரும்பான்மை இதுவே. மேலை ஆய்வாளர்கள் இவ்வகையை மறைத்துவிடுவது வழக்கம்.

6. எதிர்வாதங்கள்

மனிதக் கண், கறையிலும் முகிலிலும் பழகிய உருவைத் தேடிக் கண்டுபிடித்துவிடும் என்று உளவியலாளர் சொல்வார்கள். இதை முற்றாக ஏற்கிறோம். ஆனால் தேடுகிற வேலையைக் கண் செய்வதால் வேலி செய்த உதவி குறைந்துவிடாது.

இரண்டாவது எதிர்வாதம் கடினமானது. ஆடு சாய்த்துக்கொண்டு வந்த முதியவர் ஒருவரிடம் மேற்படி மாதிரியைக் காட்டி, "இதில என்ன தெரியுது, அப்பு?" என்று வினவப்பட்டது.

"கல்லு."

"இந்தக் கறுப்புக் கீற்று?"

"உது எறும்பு மண் வச்ச இடம். எடுத்த கல்லை எடுத்த இடத்திலையே வையும். வேலி சரிஞ்சா ஆடு உள்ளுக்குப் போயிடும்."

தீவாரின் கல்லறிவை இங்கு குறைத்து மதிப்பிட்டுவிடக் கூடாது. நயினாதீவுக்கு அருகே கடலில் கருடன் கல்லும் பாம்பு சுற்றிய கல்லும் இருக்கின்றன. அம்மனுக்குப் பூக் கொண்டுவந்த நாகத்தைக் கருடன் மறித்த கதை அவற்றுக்கு உரியது. நெடுந்தீவில், வளர்கிறது என்று நம்பப்படும் கல் ஒன்று உண்டு; பெருமனிதனின் காலடி என்று காட்டப்படும் பாறையும் உண்டு. ஒன்றில் கருடன் அமர்ந்தது, ஒன்றைப் பாம்பு சுற்றியது, ஒன்றில் ஒருவன் கால் வைத்தான், ஒன்று வளர்கிறது. மீதி எல்லாம் ஆட்டை மறிக்கின்றன. இங்கே வேலை இல்லாத கல் கிடையாது. அது எதைப்போல இருக்கிறது என்று கேட்பவன் படகில் வந்தவன்தான். மெடிச்சிகளும் மி ஃபூவும் இக்கட்டுரையாளரும் அந்த வகையில் ஓரினம்.

7. முடிவும் பரிந்துரைகளும்

முதலாவது: கல்வேலியே முழு ஓவியம், தனிக்கல் அதன் துண்டு. துண்டைக் கொழும்புக்கோ கனடாவுக்கோ கொண்டுபோய்க் கண்ணாடி அலுமாரியில் வைத்தால் அங்கே இருப்பது ஒன்றுமில்லாக் கல். நனைத்தாலும் வடலி வராது. வடலியைப் பார்த்த கண்தான் அதை அங்கே வைத்தது.

இரண்டாவது: கரையோரத்தில் முருகைக்கல் அகழ்வது இலங்கையில் சட்டப்படி குற்றம். சேகரிப்போர் இதைக் கலை ஆர்வம் என்று சொல்லித் தப்ப முடியாது.

மூன்றாவதும் முக்கியமானதும்: இதை வாசித்தபின் நெடுந்தீவுக்குப் போகிறவர்கள் ஒரு கல்லையாவது உருவிப் பார்க்காமல் வரமாட்டீர்கள். பாருங்கள். பார்த்து முடிந்ததும், கறைபட்ட பக்கம் உள்ளே இருக்கும்படி அதே பொந்தில் வைத்து, அடியில் சிறுகல்லை இறுக்கிவிட்டு வாருங்கள். இல்லாவிட்டால் மாரிக்கு அந்த இடம் சரியும், ஆடு புகும், பழி முழுவதும் இவ்வாய்வுத்துறையின் தலையில் விழும்.