டென்வர் அக்கா

சென்னைக்கு அமெரிக்காவில் ஓர் அக்கா உண்டு. டென்வர் நகரத்தோடு 1984-இல் ஏற்பட்ட சகோதர நகர உறவு அது. அக்கா கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரத்தில் சௌகரியமாக உட்கார்ந்திருக்கிறாள். தங்கைக்கோ ஐப்பசி மழை வலுத்தாலே முழங்கால் தண்ணீர். நிலைத்த நகர வளர்ச்சிக்கு யோசனை கேட்டால், “மலை மேல ஏறிக்கோடி” என்பாளோ என்னவோ!

மலை என்றால் திண்டிவனம் பக்கம் எங்கள் பெருமுக்கல்லில் இருக்கிறது. ஏறிப் பார்த்தால் சுற்றிலும் கல்குவாரி. கிழக்கே மரக்காணத்து உப்பளம். ஜல்லியும் உப்பும் அனுப்புகிற ஊர்களை எந்த மாநகராட்சியும் தங்கையென்று அழைத்துப் பொன்னாடை போர்த்தியதில்லை. ஒப்பந்தம் போட விமானமேறும் மேயர்களே, இங்கே விசா வேண்டாம். திண்டிவனத்தில் மரக்காணம் பஸ் பிடித்தால் போதும்.