அமாவாசைக்கு வந்த குப்பை வண்டி

எட்மண்டன், லண்டன்
6.2.2025

அன்புள்ள அம்மா,

தை அமாவாசையும் அதுவுமாக நான் செக்கச்செவேலென்று சட்டை போட்டுக்கொண்டு சிங்கத்துக்குப் பக்கத்தில் நிற்பதாகப் படத்தைப் பார்த்துவிட்டு அத்தை வந்து சொன்னாளாம். “உன் மகன் அங்கே என்ன கூத்தடிக்கான்னு கேளு” என்றாளாம். போனில் சொன்னால் நீ பாதியில் அழுவாய்; அப்பா வாங்கி, மழை பெய்கிறதா என்று கேட்டுவிட்டு வைத்துவிடுவார். அதனால் எழுதுகிறேன்.

அந்தப் படம் அமாவாசையன்று எடுத்ததே இல்லை. பிப்ரவரி 2, ஞாயிற்றுக்கிழமை எடுத்தது. அது சீனாக்காரர்களின் சிங்க ஆட்டம், சிங்கத்துக்குள்ளே இரண்டு ஆள் இருக்கிறார்கள். சட்டை நீ தீபாவளிக்கு எடுத்ததுதான். அமாவாசை ஜனவரி 29, புதன். அப்பா பாபநாசத்தில் எள்ளும் தண்ணீரும் இறைத்த அதே நாள்தான் சீனாக்காரர்களுக்கு வருஷப் பிறப்பு. அவர்கள் வருஷம் அமாவாசையில்தான் பிறக்கும். இது பாம்பு வருஷமாம். ஆச்சி புற்றுக்குப் பால் ஊற்றினால் என் பேரிலும் கொஞ்சம் ஊற்றச் சொல்.

எங்கள் வீட்டுக் கீழறையில் சீனாவிலிருந்து வந்த ஒரு குவாங்சோக்காரன் இருக்கிறான். வருஷப் பிறப்புக்கு ஒரு வாரத்துக்கு முன்பே சடங்குகளை ஆரம்பித்துவிட்டான். அடுப்படிக்கென்று ஒரு சாமி உண்டாம். வருஷம் முழுக்க வீட்டில் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் மேலோகம் போய் ஒன்றுவிடாமல் ஒப்பிக்குமாம். ஒப்பிக்காமல் இருக்க வாயில் ஒட்டுகிற மிட்டாயைத் தடவி அனுப்புவார்கள். நாலு பேர் சமைக்கிற எங்கள் அடுப்பை நீ பார்த்ததில்லை. அந்தச் சாமி வாயைத் திறந்தால் நாலு நாட்டு மானமும் போய்விடும். எட்மண்டன் கிரீன் சந்தையில் வாழைக்காயிலிருந்து துருக்கி ரொட்டிவரை கிடைக்கிறது, அந்த மிட்டாய் மட்டும் அகப்படவில்லை. கடைசியில் அப்பா கொடுத்துவிட்ட இருட்டுக்கடை அல்வாவில் மிச்சமிருந்ததை எடுத்துக் காகிதச் சாமியின் வாயில் அப்பினோம். சாமிக்கே அல்வா கொடுத்த குடும்பம் நம்முடையது.

இனிமேல்தான் குப்பை. வருஷப் பிறப்பன்று கூட்டக்கூடாது, குப்பையை வெளியே தள்ளக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது. வந்த அதிர்ஷ்டம் அதோடு போய்விடுமாம். விளக்கு வைத்த பிறகு நான் விளக்குமாற்றைத் தொட்டால் நீ போடுகிற சத்தத்தை வருஷக்கணக்காகக் கேட்டவன் என்பதால் எனக்கு இது சட்டென்று புரிந்தது. மாடியறை நைஜீரியாக்காரனுக்குப் புரியவில்லை. காரணம், எங்கள் தெருவுக்குக் குப்பை வண்டி வருவது புதன்கிழமை விடியற்காலை. அதுவும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. தொட்டியை முந்தைய ராத்திரியே வாசல் ஓரத்தில் நிறுத்திவிட வேண்டும். மூடி முழுசாக மூடாவிட்டால் எடுக்கமாட்டார்கள்.

செவ்வாய் ராத்திரி எட்டு மணிக்கு நான் தொட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன், குவாங்சோக்காரன் ஓடிவந்து மறிக்கிறான். சீனாவில் சாயங்காலம் நாலு மணிக்கே வருஷம் பிறந்துவிட்டதாம். அதாவது இங்கே நாலு மணி, அங்கே நள்ளிரவு. நாங்கள் இருப்பது லண்டனில் என்றேன். அவன் அம்மாவுக்கு போன் போட்டான். அன்று ராத்திரி அங்கே கண்விழிப்பு, அந்த அம்மா முழித்துத்தான் இருந்தார். வீடு எந்த ஊரில் இருக்கிறதோ அந்த ஊர் மணிதான் கணக்கு என்று தீர்ப்புச் சொன்னார். சரி என்று தள்ளினேன். அடுத்த கேள்வி: தொட்டி இன்றைக்கே வெளியே போனாலும் வண்டிக்காரன் எடுப்பது நாளைக்குத்தானே, அப்போது அதிர்ஷ்டம் போவது எந்தத் தேதியில்? நைஜீரியாக்காரன், தொட்டியைத் தெருவில் விட்டுவிட்டால் அது தெருவின் அதிர்ஷ்டம் என்றான். அப்படியென்றால் பக்கத்து வீட்டு வாசலில் வை என்றான் இவன். பக்கத்து வீட்டுக்காரருக்கு நம்ம துரதிர்ஷ்டம் எதற்கு என்றேன். குப்பைத் தொட்டியைச் சுற்றி நின்று குளிரில் இத்தனை தர்க்கம் செய்தவர்கள் முதுகலை மாணவர்கள், அம்மா.

இதற்குள் உள்ளே விருந்து ஆறிப்போனது. வறுத்த பன்றி இருந்தது (ஆச்சியிடம் வேண்டாம்). முழு மீன் இருந்தது. அதை முழுசாகத் தீர்க்கக்கூடாது, அடுத்த வருஷத்துக்கும் வரவேண்டுமென்று மிச்சம் வைக்கணும். பன்றி என்றதும் எனக்கு ஒன்று ஞாபகம் வந்தது. இங்கே சர்ச் தெருத் தேவாலயத்தில் சார்லஸ் லாம் என்ற எழுத்தாளர் அடக்கமாகியிருக்கிறார், 1834-இல் இறந்தவர். கிழக்கிந்தியக் கம்பெனியில் முப்பது வருஷத்துக்கும் மேல் கணக்கு எழுதினவர், அப்பாவுக்குப் பிடிக்கும். சீனாவில் ஒரு பையன் வீட்டைக் கொளுத்தித்தான் பன்றி வறுவலின் ருசி உலகத்துக்குத் தெரிந்தது என்று 1822-இல் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறார். குவாங்சோக்காரனிடம் சொன்னேன். எங்கள் ஊரில் இப்படி ஒரு கதையே கிடையாதே என்று மீனின் தலையை என் பக்கம் திருப்பி வைத்தான்.

விடிந்தது. வண்டி வந்தது, இறால் ஓடும் அட்டைப்பெட்டியுமாக மூடி எம்பிக்கொண்டு நின்றதால் தொடாமல் போய்விட்டது. அதிர்ஷ்டம் வீட்டிலேயே நின்றுவிட்டது என்று அவன் குதிக்கிறான். எட்டிப் பார்த்தால் மேல் பையைக் கிழித்தபடி ஒரு நரி. லண்டனில் நரி தெருநாய் கணக்கு. வருஷப் பிறப்பு அன்றைக்கு நரி முகத்தில் முழித்திருக்கிறோம், இதைவிட என்ன வேண்டும் என்று நம்ம ஊர் சாஸ்திரத்தை எடுத்துவிட்டேன். அன்றிலிருந்து அவன் என்னை மரியாதையாகப் பார்க்கிறான்.

அன்று மத்தியானம் நான் என்ன தின்றேன் என்பதுதானே உன் கவலை? வருஷத்தின் முதல் நாள் அவர்கள் வீட்டில் சைவம். காளான், டோஃபு, சேமியா, தலைமுடி போல ஒரு பாசி. அமாவாசை விரதத்தை அறியாமலே ஒரு சீனாக்காரன் எனக்கு முடித்துவைத்தான்.

ஞாயிற்றுக்கிழமை செவன் சிஸ்டர்ஸ் வழியாக சைனாடவுன் போனோம். ஜெரார்ட் தெருவில் கடைக்குக் கடை லெட்யூஸ் கீரைக் கட்டைத் தொங்கவிட்டிருக்கிறார்கள், உள்ளே பணம் வைத்த சிவப்பு உறையோடு. சிங்கம் எம்பி அதைக் கவ்வி, பணத்தை வைத்துக்கொண்டு கீரையைத் துப்புகிறது. என் தலையிலும் விழுந்தது. குவாங்சோக்காரனின் சித்தி எனக்கும் ஒரு உறை கொடுத்தாள். கல்யாணமானவர்கள் கல்யாணமாகாதவர்களுக்குக் கொடுப்பதாம், வயசு கணக்கில்லை. ஜாதகத்தைக் கையில் எடுக்குமுன் இந்த வருமானத்தையும் நீ யோசிக்கணும்.

மேளம் அடித்தார்கள் அம்மா. நம்ம கோயில் கொடையில் நடுராத்திரிக்கு மேல் அடிக்கிற அடி. ஜால்ரா தட்டிய பையன் கையை நிறுத்தவே இல்லை. நம்ம பொங்கலன்றோ நான் வேலைக்குப் போகிற கடையில் அலமாரியில் சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். வீட்டில் யாருக்கும் பொங்கலென்று சொல்லவில்லை. ஹாரோவில் இருக்கிற நம்ம ஆட்கள் ஒரு போன் போட்டிருக்கலாம். போடவில்லை. அப்பாவிடம் இதைச் சொல்லவேண்டாம், அவர் அவர்களைக் கூப்பிட்டுச் சண்டை போடுவார். சொன்னாலும் பரவாயில்லை.

தொட்டி இன்னும் வாசலில் நாறிக்கொண்டிருக்கிறது. அடுத்த வண்டி 12-ஆம் தேதி. பஞ்சாங்கத்தைப் பார், பௌர்ணமி. அமாவாசைக்கு வந்த வண்டி பௌர்ணமிக்கு வருகிறது. அன்றைக்குச் சீனாக்காரர்களுக்கு விளக்குத் திருவிழா. குப்பை போகலாமா என்று அவன் தன் அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருக்கிறான். நம்ம சித்திரை ஒன்று ஏப்ரல் 14, திங்கள் என்று சொல்லிவைத்திருக்கிறேன். என்னென்ன செய்யக்கூடாது என்று பட்டியல் கேட்கிறான். ஆச்சியிடம் கேட்டு எழுது. அல்வா அரைக் கிலோ கூடுதலாக அனுப்பு.

உன் மகன்