பின் சக்கரத்துப் பிடிவாதம்

வண்டியை இரவல் கேட்பவர்களைப் பற்றி நம்மவர்கள் வேண்டியமட்டும் எழுதித் தீர்த்துவிட்டார்கள். வண்டியை நம் வீட்டில் நிறுத்திவிட்டு, "கொஞ்சம் பாத்துக்குங்க மச்சான்" என்று சொல்லிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விடுகிற மைத்துனர்களைப் பற்றி ஒருவரும் எழுதக் காணோம். சுங்கை சிப்புட்டுக்கு அப்பால், ஒரு காலத்தில் பால்மரக் காடாயிருந்து இப்போது செம்பனைக் காடாகிவிட்ட தோட்டத்தில், எஞ்சி நிற்கும் லயத்து வீடுகளுள் ஒன்று எங்களுடையது. அதன் பின்புறம், ரம்புத்தான் மரத்தடியில், ஹேண்ட்பிரேக்கை இறுக இழுத்து என் மைத்துனர் விட்டுப்போன ஜப்பானியப் பிக்கப், வடகிழக்குப் பருவமழை முழுவதையும் பக்தி சிரத்தையுடன் சிரசில் ஏற்றுக்கொண்டு நின்றது. தைப்பூசத்துக்கு ஈப்போ புந்தோங்கில் தண்ணீர்ப்பந்தல் போடச் சாமான் ஏற்றிப் போகவேண்டும் என்று தொலைபேசியில் உத்தரவு பிறந்தபோது, ஹேண்ட்பிரேக்கை விடுவித்துச் சாவியைத் திருகினேன். எஞ்சின் புறப்பட்டது, பின் சக்கரங்கள் புறப்படச் சம்மதிக்கவில்லை. மழையில் இறுகிப்போன டிரம் பிரேக்கைக் கழற்றிப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

டிரம் பிரேக் என்பது 1902இல் லூயி ரெனோ என்ற பிரெஞ்சுக்காரர் உலகுக்கு அளித்த சாதனம். சக்கரத்தோடு சுழலும் வார்ப்பிரும்புக் கூடு ஒன்று; அதனுள்ளே சுழலாமல் அடங்கியிருக்கும் பிறை வடிவான ஷூக்கள் இரண்டு; மிதித்தால் அவை விரிந்து கூட்டின் உட்சுவரைப் பற்றும், விட்டால் சுருங்கும்; இவ்வளவே சாஸ்திரம். ஆனால் ஷூ உரச உரச உட்சுவரில் பள்ளம் விழுகிறது. உரசாத விளிம்பு வரப்பாக எஞ்சுகிறது. தேய்மானத்தை ஈடுகட்டும் பொருட்டு உள்ளே பல்வைத்த நட்சத்திரச் சக்கரம் ஒன்றை நியமித்திருக்கிறார்கள். கடமையுணர்ச்சி மிகுந்த இந்த உத்தியோகஸ்தன், சில வண்டிகளில் பின்னோக்கிப் போய்ப் பிரேக் பிடிக்கும்போதும், சிலவற்றில் ஹேண்ட்பிரேக்கை இழுக்கும்போதும், எவரும் கேளாமலே தானாகத் திரும்பி ஷூக்களை அந்தப் பள்ளத்துக்குள் இன்னும் கொஞ்சம் விரித்துவைக்கிறான். ஆகவே டிரம்மை இழுத்தால் ஷூ வரப்பில் மாட்டும்; அது போதாதென்று நடுத்துவாரம் அச்சின் முகப்போடு துருவேறி ஒரே பொருளாகியிருக்கும்.

பூசம் நெருங்கிவிட்டபடியால் ஈப்போ பட்டறைப் போமன்கள் எவரும் எங்கள் செம்மண் பாதைக்கு எழுந்தருளத் தயாராயில்லை. தோட்டத்தில் ஒரு வண்டியின் சக்கரம் கழற்றப்படுவது அந்தரங்க விஷயமுமன்று. முன் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, பின்புறத்தை ஜேக்கில் தூக்கி, இரும்புத் தாங்கிகளில் அமர்த்தி, சக்கரங்களைக் கழற்றி நான் நிமிர்வதற்குள், புந்தோங் கச்சாங் பூத்தேப் பொட்டலங்கள் சகிதம் ஒரு மகாசபை கூடிவிட்டது. முன்னாள் கிராணி மண்ணெண்ணெய் ஊற்றச் சொன்னார். அவரோடு முப்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத முன்னாள் தண்டல், அந்த ஒரே காரணத்துக்காக, மண்ணெண்ணெய் ஆகவே ஆகாது என்று ரம்புத்தான் மரத்தைப் பார்த்துச் சொன்னார்.

வார்ப்பிரும்பு இரும்புச் சுத்தியலுக்கு விரிசல் விடும் சுபாவமுடையது. ஆதலால் ரப்பர்ச் சுத்தியலை எடுத்தேன். 1877இல் கோல கங்சாரில் நட்ட ஒன்பது கன்றுகளில் தொடங்கிப் பேராக் முழுவதும் பரவி, எங்கள் பாட்டன்மாரையும் பாட்டிமாரையும் விடியுமுன்னே எழுப்பி வேலைவாங்கிய அந்த ரப்பருக்கு எங்கள் குடும்பத்தின்பால் சிறிதேனும் நன்றி இருக்கும் என்று எண்ணி ஓங்கினேன். அது டிரம்மைத் தொட்டுத் துள்ளி வந்து என் நெற்றியை க்ஷேமம் விசாரித்தது. சபையில் கரகோஷம் எழுந்தது.

ஓசை கேட்டு ஒரு பெரியவர் வந்தார். காலமெல்லாம் தோட்டத்து லாரியில் பால் ஏற்றி, அம்மோனியா வாடையில் மூக்கை இழந்தவர், காதை இழக்காதவர்.

"அடிக்காத தம்பி. அடி வாங்குறதுக்குன்னே பொறந்தது அது" என்றார்.

வண்டிக்கடியில் புகுந்தார். பிரேக்கின் பின்தகட்டில், நானும் சபையோரும் கண்டும் காணாதிருந்த சிறு ரப்பர் அடைப்பான் ஒன்றைப் பிடுங்கினார். அந்தத் துவாரத்தின் வழியே ஒரு ஸ்குரூடிரைவரால் தடுப்பு நெம்பை ஒதுக்கிப் பிடித்து, மற்றொன்றால் நட்சத்திரப் பற்களை ஒவ்வொன்றாகப் பின்னுக்குத் தள்ளினார். உள்ளே ஷூக்கள் பின்வாங்கும் சத்தம் கேட்டது. "மூஞ்சியத் தொடைங்க" என்றார். நான் என் நெற்றியைத் துடைத்தேன். "ஒங்க மூஞ்சி இல்ல, டிரம்மு மூஞ்சி." செம்மண்ணைச் சுரண்டியதும், மரைபோட்ட துவாரங்கள் இரண்டு வெளிப்பட்டன, கழற்றுவதற்கென்றே ஜப்பானியன் விட்டுவைத்த வழி! 8 மில்லிமீட்டர் போல்ட்டுகள் இரண்டைச் செலுத்தி, டிரம் கோணிக்கொள்ளாதபடி, இதற்கு அரைச் சுற்று, அதற்கு அரைச் சுற்று என்று மாறி மாறி முடுக்கச் சொன்னார். முடுக்கினேன். "டொப்" என்ற ஒலியுடன் துருவும் செம்மண்ணும் கரும்பொடியுமாக டிரம் என் மடியில் பிரவேசித்தது. பொடியை ஊதித்தள்ளக் கிராணி கன்னத்தை உப்பியபோது, பழைய லைனிங்கில் கல்நார் இருக்கும், நெஞ்சுக்கு ஆகாது என்று பெரியவர் அதட்டி, ஈரத்துணி கொண்டுவரச் சொன்னார்.

அடுத்த சக்கரத்தின் பக்கம் சபை பெயர்ந்தது. பெரியவர் பல்லைத் தளர்த்தினார், டிரம்மில் கைவைத்தேன், போல்ட்டும் வேண்டாமல், அபிப்பிராயம் எதுவும் கேளாமல், அது அப்படியே கழன்று வந்துவிட்டது. சற்றுநேரம் எவரும் பேசவில்லை. பொட்டலங்களில் கச்சாங் பூத்தே பாதிக்குமேல் மீதமிருந்தது.

"இன்னொருக்க மாட்டிக் கழட்டு தம்பி, நாங்க சரியா பாக்கல" என்றார் தண்டல்.

"அவரு சொல்றது நியாயம்தான்" என்றார் கிராணி.